ஹமீட் அதிபரின் ‘திடீர் சுகயீனம்’

அஸ்ஸலாமு அலைக்கும். மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, பாலமுனையிலிருந்து வந்து மூன்றாம் வரிசையை நிறைத்திருக்கும் சம்பந்தி வீட்டாரே!

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ‘திடீர் சுகயீனத்தால் காலமான முன்னாள் அதிபர் மர்ஹூம் ஹமீட்.’ எது திடீர்? பதினொரு மாதம் மூக்குக் குழாயால் கஞ்சி குடித்த மனிதருக்கு எது திடீர்? நான் மேடை ஏறும்போது தலைவர் என் காதைக் கடித்தார்: “நோய்ட பேர மட்டும் சொல்லிராதீங்க. அடுத்த மாசம் அதிபர்ட மகள் சிபானாட கலியாணம்.”

சொல்கிறேன். வாய்ப் புற்றுநோய்!

பெரிய அதிபர்தான், மறுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு கதிரைகூட இல்லாத பள்ளிக்கூடத்தை மரத்தடியில் நடத்தினார். பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் நிறுத்தினார். ஆனால் அவருக்கு வாய்த்த குடும்பம்? கன்னத்தில் ஓட்டை விழுந்து இறந்தவரையும் ‘நெஞ்சடைப்பு’ என்று சொல்லி அடக்கிய குடும்பம்! அப்படி அடக்கப்பட்டவர் அதிபரின் வாப்பா, என் தாய்மாமன். அதிபர் எனக்கு மச்சான். ஆகவே ஏசுவது என்னையும் சேர்த்துத்தான்.

வாய்ப்புண் ஆறவில்லை என்று நான்தான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் நிரோஜினி கேட்டார்: “உங்கட குடும்பத்துல ஆருக்கும் வாயில கென்சர் வந்திருக்கா?” மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். நானே முந்திக்கொண்டேன்:

“ஒருத்தருக்கும் இல்ல டொக்டர். எங்கட ஆக்களெல்லாம் நெஞ்சு வலியிலதான் மௌத்து.”

மருந்து தந்து, இரண்டு கிழமையில் வரச் சொன்னார். வெளியே வந்ததும் மச்சான், “நல்லாச் சமாளிச்சாய்டா” என்று பிளேன்டீ வாங்கித் தந்தார். குடித்தேன், வெட்கங்கெட்டவன்!

இரண்டு கிழமை ஏழு மாதமானது. சிபானாவைப் பெண் கேட்டு ஆட்கள் வந்து போகும் நேரம். அதிபரைக் கிளினிக் வரிசையில் கண்டால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? நோயை மோப்பம் பிடித்துச் சம்பந்தம் கலைக்கும் ஊரல்லவா இது! கடைசியில் போனபோது டொக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்: “அண்டைக்கே உண்மையச் சொல்லியிருந்தா, அண்டைக்கே அந்தப் புண்ணுல துண்டெடுத்துச் சோதிச்சுப் பாத்திருப்பன்.”

இப்போது மச்சானின் மகன் றிஸ்மியின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. மூன்று மாதமாக இருக்கிறது. “தங்கச்சிட கலியாணம் முடியட்டும் மாமா, பிறகு காட்டுறன்” என்கிறான். அதே வெற்றிலை, அதே புகையிலை, அதே புத்தி!

நேற்று சிபானாவிடம் கேட்டேன், சபையில் சொன்னால் சம்பந்தம் போய்விடலாமே என்று.

“சொல்லுங்க மாமா. போறவங்க போகட்டும். எனக்கு என்ட றிஸ்மி நானா உசிரோட இருக்கோணும்.”

சம்பந்தி வீட்டாரே, எழும்புவதென்றால் எழும்புங்கள். கதவைப் பூட்டவில்லை.

மர்ஹூமின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் ஐந்து பேர் முழங்கினார்கள். என்ன பணி என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை றிஸ்மியோடு கிளினிக்குக்குப் போவேன். அவனுடைய மூத்தவாப்பாவின் பேர், வாப்பாவின் பேர், இருவரையும் தின்ற நோயின் பேர், மூன்றையும் டொக்டர் கேட்கும் முன்பே சொல்வேன். அல்லாஹ் மச்சானை மன்னிப்பானாக. எனக்கும் துஆக் கேளுங்கள். கொஞ்சம் கூடவே கேளுங்கள்.

றிஸ்மி, எழும்பு. வருகிறேன் என்று சொல்லு. சத்தமாகச் சொல்லு, பாலமுனைக்கும் கேட்கட்டும்!