இருநூத்திப் பதினாலு பக்கம்

ஆமா சார், நான்தான் அடிச்சுக் குடுத்தேன். இல்லைன்னு எங்க சொன்னேன்? கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல கடைப் பேரு இருக்கு, அதைப் பாத்துத்தானே யூனிவர்சிட்டி பின்வாசல் வரைக்கும் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலியில கோந்து கொட்டியிருக்கு, அப்புறம் உங்க விசாரணைக் குழு மொத்தமும் வந்து உங்களைப் பிச்சு எடுக்கணும். இதுல உக்காருங்க. ஃபைலை மடியிலேயே வச்சுக்குங்க. இந்த மேசை மேல எதை வச்சாலும் சாயங்காலத்துக்குள்ள யாரோ ஒருத்தர் தீசிஸுக்குள்ள போயிடும். சிரிக்காதீங்க, ஒரு தடவை கரண்டு பில்லை நாலாம் அத்தியாயத்துக்கு நடுவுல வச்சு பைண்டிங் பண்ணிட்டேன். யாரும் கண்டுபிடிக்கல. பட்டமும் குடுத்துட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க மேடம் பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால குடுத்த தீசிஸ். ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அறுபத்து மூணாவது வரி. காத்திருப்போர் பேச்சுன்னு தலைப்பு, டாக்டர் பட்டத்துக்கான தீசிஸ், இருநூத்திப் பதினாலு பக்கம், யூனிவர்சிட்டி லைப்ரரியில இருக்குன்னு போட்டிருக்கு. நீங்க லைப்ரரியில போய்த் தேடினா அப்படி ஒண்ணே கிடையாது. ரிஜிஸ்டர்லயும் இல்ல. இல்லாத தீசிஸை இருக்குன்னு எழுதி ஏமாத்தினாங்கன்னு நீங்க எழுதிட்டா, மேடத்துக்கு டிபார்ட்மெண்ட் தலைவி நாற்காலி கிடைக்காது, வாங்கின பட்டத்தையும் பிடுங்கிடுவாங்க. நாளைக்கு மத்தியானம் அறிக்கை குடுக்கணும். அதானே? புரியுது சார். நல்லாவே புரியுது.

மேடம்னு சொல்றப்பவே எனக்கு வாய் கோணுது, பாத்தீங்களா? பென்சில்னுதான் கூப்பிடுவோம். கொண்டையில எப்பவும் ஒரு பென்சிலைச் சொருகி வச்சிருப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒரே வருஷம் சேந்தோம், ஒரே கைடு, ஹாஸ்டல்ல ஒரே ரூம். என்ன சார் அப்படிப் பாக்குறீங்க, நான் கோந்துக் கையோடவே பொறந்தேன்னு நெனச்சீங்களா? நானும் படிச்சவதான். பாதியில நின்னுபோச்சு. அதை விடுங்க, உங்க ஃபைலுக்கு அது வேண்டாம்.

பொறாமையான்னு கேக்குறீங்க. ஆமா. இதுல என்ன வெக்கம்? பெத்த பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல மார்க் வாங்கினதுக்கே பொறாமைப்படுற ஊரு இது, நான் கூடப் படிச்சவ மேலதானே படுறேன். எனக்கு ஜுரம் வந்தா நான் சுருண்டு படுத்துக்குவேன். அவளுக்கு ஜுரம் வந்தா கைடு பழம் வாங்கிக்கிட்டு வருவாரு. ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே நிறத்துல துணி எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனா, அவளைப் பாத்து, ஆஹா நல்லா இருக்கேம்பாங்க. என்னைப் பாத்து, ஓ, நீயும் எடுத்தியாம்பாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவாயில்ல. நாலரை வருஷம் சார். அவ ராத்திரி நல்லாத் தூங்கிடுவா. எழுந்து எட்டுப் பக்கம் எழுதுவா. நான் முழிச்சுக்கிட்டே கெடந்து ரெண்டு பக்கம் எழுதி, அதுலயும் ஒண்ணைக் கிழிச்சுப் போடுவேன். இன்னைக்கும் அவ கார் இந்தத் தெருவுல திரும்புற சத்தம் கேட்டாப் போதும், என் ஸ்டேப்ளர் விரல்ல ஏறிடும்.

மொட்டைக் கடுதாசியா? நான் போடல. சத்தியமா நான் இல்ல. நான் போட்டிருந்தா எந்தப் பக்கம், எந்த வரி, எந்த வருஷம்னு ஒழுங்கா மேற்கோள் குடுத்துல்ல போட்டிருப்பேன்! நீங்க காட்டின கடுதாசியில ஒரு தேதி கூட சரியில்ல.

ரெஃபரன்ஸ் எப்படி அடிப்போம்னா, சொல்றேன் கேளுங்க. தீசிஸ் எழுதுறவங்க துண்டுத் துண்டாக் காகிதத்துல எழுதி செருப்பு வாங்கின டப்பாவுல போட்டுக் கொண்டாந்து தருவாங்க. பஸ் டிக்கெட் பின்னால எழுதினது, கல்யாணப் பத்திரிகை ஓரத்துல எழுதினது, எல்லாம் இருக்கும். நான் அதை எழுத்து வரிசையில அடுக்குவேன். முதல்ல எழுதினவங்க பேரு, அப்புறம் வருஷம், அப்புறம் தலைப்பு, அது சாஞ்ச எழுத்துல. கடைசியா அது எங்க கிடைக்கும்னு. ஒரு ஆளுக்கு ரெண்டு வரி வந்தா ரெண்டாவது வரியைக் கொஞ்சம் உள்ள தள்ளணும், அப்பத்தான் பேரு மட்டும் வெளிய துருத்திக்கிட்டுத் தெரியும். ஏன் அப்படி? பேருதான் சார் முக்கியம். பேரைத்தான் எல்லாரும் தேடுவாங்க. லிஸ்ட்டைக் கையில வாங்கின உடனே அவனவன் மொதல்ல தன் பேரு இருக்கான்னுதான் பாப்பான், தெரியுமா உங்களுக்கு?

கடைசியா எங்க கிடைக்கும்னு போடுறோமே, அது எதுக்கு? என்னை நம்பலைன்னா நீயே போய்ப் பாத்துக்கோன்னு சொல்றதுக்கு. ஆனா ஒருத்தரும் போய்ப் பாக்க மாட்டாங்க. முன்னால வந்த தீசிஸோட லிஸ்ட்டைப் பாத்து அப்படியே உருவிக்குவாங்க. பென்சிலோட அறுபத்து மூணாவது வரி இருக்கே, அதை இதுவரைக்கும் எத்தனை பேரு எடுத்துப் போட்டிருக்காங்க சொல்லுங்க? நாப்பத்தொண்ணு. இந்தக் கடை வழியாப் போனது மட்டும். எண்ணி வச்சிருக்கேன், அந்தச் சுவத்துல காலண்டருக்குப் பின்னால கோடு கோடாக் கிழிச்சிருக்கேன் பாருங்க. ஒருத்தர் முன்னுரையில, அந்த ஆய்வை வரிக்கு வரி ஊன்றிப் படித்தேன்னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர் அதை எழுதினவரை நேர்ல சந்திச்சு விரிவா உரையாடினதாவே எழுதிட்டாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியில உக்காந்துதான் ப்ரூஃப் பாத்தாரு. நான் டீ வாங்கிக் குடுத்தேன். பாவம், அந்த மனுஷன் எழுதினது முழுப் பொய்யினு சொல்ல முடியாது.

அதுல என்ன இருக்குன்னா கேக்குறீங்க? ஏன், அடிச்சவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிக்கிட்டு வெளிய உக்காந்திருக்காங்கல்ல, அவங்க பக்கத்துல இருக்கிற முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கிட்ட என்ன பேசுறாங்கன்னு ஏழு மாசம் கூடவே உக்காந்து எழுதினது. பென்சிலோட தீசிஸ் டாக்டர் ரூமுக்குள்ள நடக்குற பேச்சுன்னா, இது வாசல்ல நடக்குற பேச்சு. அதுல ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்கு. காத்திருக்கிறவங்க எடுத்த எடுப்புல பெரிய நோவைச் சொல்ல மாட்டாங்க. முட்டி வலியைச் சொல்வாங்க, மருமகளைச் சொல்வாங்க, பஸ்ஸு லேட்டா வந்ததைச் சொல்வாங்க. தன் நம்பரைக் கூப்பிட்ட உடனே, எழுந்து பையை மாட்டிக்கிட்டே, நெஞ்சுல கட்டி இருக்குங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. இதைத்தான் நாப்பத்தொரு பேரும் எடுத்துப் போட்டிருக்காங்க. நல்ல விஷயம்தானே சார்? நல்லா இருக்குல்ல? இல்ல, நீங்க படிச்சவரு, அதான் கேட்டேன்.

அந்த வரியில இருக்கிற பேருல யாரையாவது தெரியுமான்னு மூணாவது தடவை கேக்குறீங்க. இருங்க, இந்த பிரிண்டர் காகிதத்தைக் கடிச்சுக்கிச்சு. வயசாயிடுச்சு அதுக்கு, ரெண்டாம் பக்கம் போனாலே இருமுது.

ஒண்ணு கேக்கட்டுமா? அவ என்ன சொன்னா உங்ககிட்ட? பென்சில். விசாரணையில கூப்பிட்டு வச்சுக் கேட்டிருப்பீங்கல்ல?

என்ன? முழுக்கத் தன் தப்புன்னாளா? சரிபாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதியே குடுத்துட்டாளா?

டைப் அடிச்சவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்கன்னு வேற சொன்னாளா?

சரி, அதை எழுதினது யாருன்னு கேட்டீங்களா? அவளுக்குத் தெரியுமே. தெரியாம இருக்காது. வாயே தொறக்கலையா? பதவி போனாலும் பரவாயில்லைன்னாளா?

அப்ப அன்னைக்குப் பாத்திருக்கா.

இல்ல சார், உங்ககிட்ட இல்ல, எனக்கே சொல்லிக்கிட்டேன். தீசிஸ் குடுத்ததுக்கு மறுநாள் இங்க வந்தா. கடைசி நாள் பரபரப்புல, பைண்டிங் சூடு ஆறுறதுக்கு முன்னால அஞ்சு காப்பியையும் தூக்கிக்கிட்டு ஆபீஸுக்கு ஓடினவ, ஒரு பக்கம் கூடப் புரட்டிப் பாக்கல. மறுநாள் வந்து தன் காப்பியை எடுத்து, கடைசிப் பக்கங்களைத் தொறந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மூடிட்டு, நல்லா வந்திருக்குடின்னு சொல்லிட்டுப் போயிட்டா. பாத்தாளா, பாக்கலையான்னு பத்தொம்பது வருஷமா எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் அவ முகத்துக்கு நேரா நான் நின்னதே இல்ல. தெருவுல வந்தா உள்ள போயிடுவேன். அவ அப்பப்போ மாணவங்களை இங்கயே அனுப்புவா, அந்தக் கடையில குடுங்க, ரெஃபரன்ஸை அவங்க மாதிரி யாரும் அடிக்க மாட்டாங்கன்னு. நான் அதைக் குத்தல்னு நெனச்சேன்.

எவ்வளவு கொழுப்பு பாருங்க அவளுக்கு! படிப்புல ஜெயிச்சா, வேலையில ஜெயிச்சா, எங்க கைடு சாகறப்ப அவ கையைத்தான் புடிச்சுக்கிட்டாரு. இப்ப எனக்காகப் பதவியை விட்டுக் குடுத்து இதுலயும் ஜெயிக்கப் போறாளா? நான் கோந்து டப்பாவோட இங்க உக்காந்துகிட்டு, அவ நல்லவன்னு ஊரே பேசுறதைக் கேக்கணுமா? முடியாது சார். அந்த நல்ல பேரு அவளுக்குப் போக விடமாட்டேன்.

எழுந்திரிக்காதீங்க. உங்க கால்கிட்ட இருக்கிற அந்த அடி இழுப்பறையைத் திறங்க. இறுக்கமா இருக்கும், தூக்கி இழுக்கணும். மேல இருக்கிற பில்லு எல்லாத்தையும் தள்ளுங்க. அந்தப் பழுப்புக் கவர். அதுல ஒரு ஒத்தைத் தாள் இருக்கும். கையெழுத்து யாரோடதுன்னு உங்க ஃபைல்ல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாத்துக்குங்க, அவளோடதுதான். மத்தவங்க மாதிரி டப்பாவுல இல்ல, அவளே வரிசையா எழுதி எனக்கு அடிக்கக் குடுத்த லிஸ்ட்டோட ஒரு தாள். அறுபத்து மூணாவது வரியைப் படிங்க. சத்தமாப் படிங்க சார், நானும் கேக்கணும்.

ம். காத்திருப்போர் பேச்சு. முடிவுறாத ஆய்வு. கையெழுத்துப் பிரதி, ஆசிரியரிடம் உள்ளது.

அவ ஒழுங்காத்தான் எழுதியிருக்கா. என் நோட்டை ஒரு வாரம் வாங்கிப் படிச்சா, ஒரு பக்கத்துல என் விஷயத்தைச் சொன்னா, அது என்னோடதுன்னு லிஸ்ட்ல போட்டா. திருடல. பேரை மறைக்கல. ஆமா சார், அந்தப் பேரு என் பேருதான். இங்க எல்லாருக்கும் நான் டைப் அக்கா, அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு. அந்தக் கவருக்கு அடியில தடியா ஒண்ணு தட்டுப்படுதுல்ல, அந்த நோட்டுதான். எடுத்துப் பாருங்க. அதை முடிக்க விடாம யாரும் என்னைத் தடுக்கல. பையனுக்கு உடம்பு சரியில்ல, கைடு சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், அதெல்லாம் கதை. அவளுக்கு அடுத்ததா நின்னு தீசிஸ் குடுக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்.

தீசிஸ் குடுக்குறதுக்கு முந்தின ராத்திரி அவ ஜுரத்துல அந்த பெஞ்சுல படுத்திருந்தா. நான் எல்லாத்தையும் அடிச்சு முடிச்சு, பக்க எண்ணும் போட்டு முடிச்சிட்டேன். அப்புறம் அந்த ஒரே ஒரு வரிக்குத் திரும்பிப் போனேன். முடிவுறாத ஆய்வுங்கிறதை அழிச்சேன். டாக்டர் பட்டத்துக்கான தீசிஸ்னு போட்டேன், ஒரு வருஷம் போட்டேன், லைப்ரரின்னு போட்டேன். அந்த லிஸ்ட்ல அத்தனை பெரிய மனுஷங்களுக்கு நடுவுல என் பேரு வெளிய துருத்திக்கிட்டு நின்னுச்சு சார். ரெண்டு தடவை பிரிண்ட் எடுத்துப் பாத்தேன்.

தாளை எடுத்துக்குங்க, ஆனா முதல்ல ஜெராக்ஸ் எடுத்துத் தரேன், ஒரிஜினல் எனக்கு வேணும். நோட்டும் போகட்டும், பாத்துட்டுத் திருப்பிக் குடுத்திருங்க. அறிக்கையில இதைச் சேக்கும்போது ஒழுங்காச் சேருங்க. கையெழுத்துப் பிரதி, ஆசிரியரிடம் உள்ளதுன்னு போடுங்க. அவ எழுதினபடியே. வெட்டாதீங்க, ஒட்டாதீங்க.

என்ன எண்ணிக்கிட்டு இருக்கீங்க? நோட்டுல நூத்தி முப்பத்தேழு பக்கம்தான் இருக்கா? இருக்கும். அப்ப இருநூத்திப் பதினாலுன்னு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்க. அவ தீசிஸைக் கையில வச்சிருக்கீங்கல்ல, கடைசித் தாளைத் திருப்பி, கீழ என்ன எண் இருக்குன்னு பாருங்க.

இருநூத்திப் பதிமூணா? அதான் சார்.