வெட்டு இருக்கா?

பொழுது சாயும் நேரம். தெரணியகலையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு நாய்கூட இல்லை. தோமஸ் மட்டும்... தோளில் கோடாலி, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். நம் பக்கத்து வீட்டு எஸ்தரின் தாய்மாமன்தான்; அவர் சொன்னதுதான் இது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சிரிக்கிறவர்கள் பிறகு சிரித்துக்கொள்ளுங்கள்.

புயலில் பாதித் தோட்டம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரங்களில் பட்டை துளைக்கும் வண்டு ஏறியது. அது நிற்கிற மரங்களுக்குத் தாவினால் தோட்டத்தை மூடிவிடுவார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதனால் விழுந்ததையெல்லாம் எரித்தார்கள். ஒன்றைத் தவிர. புயல் ஓய்ந்த மறுநாள் பால் வெட்டப் போன ரெஜினோல்டை, வேரோடு சாய்ந்து நசுக்கிக் கொன்ற மரம் அது.

"அவரு உசுரு அதுலதாங்க போச்சு. அத மட்டும் விட்ருங்க," என்று அவன் மனைவி ஜொய்சி தினமும் அதன்மேல் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பாவம்தான். ஆனால் வண்டுக்குப் பாவம் பார்க்கத் தெரியுமா?

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத்தான் தோமஸ் போனார். கட்டைக்குள் கிர்... கிர்... வெளியே மரத்தூள் மாவாய்க் கொட்டிக் கிடந்தது. கோடாலியை ஓங்கினார்.

"வெட்டு இருக்காண்ணே?"

பின்னாலிருந்து. உதவிக்கு யாரோ வந்துவிட்டதாக நினைத்தார். திரும்பாமலே சொன்னார்: "இருக்குப்பா. ஆரம்பி."

அங்கேதான் வாய் தவறியது. ரப்பர் தோட்டத்தில் வெட்டு என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல. பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.

புளித்த ரப்பர் பால் நாற்றம் குப்பென்று... கட்டை புரண்டு அவர் காலில் ஏறியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. ஈரக் கை ஒன்று தொடையை அழுத்திப் பிடித்தது. பிறகு சரக்... சரக்... தோல் சுருள் சுருளாய் உரிந்தது. அவர் அலற அலற, அந்தக் கை அவசரமே இல்லாமல் வேலை செய்தது.

ஓடி வந்தவர்கள் பார்த்தபோது தொடையில் சாய்வாக, பாதிச் சுற்றுக்கு, அளவெடுத்த மாதிரி ஒரே வெட்டு. அதன் கீழே, மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவதுபோல், கம்பியில் கட்டிய சிரட்டை. ரத்தம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கட்டையை எரித்தார்கள். ஜொய்சியே தீ வைத்தாள். மற்ற மரங்கள் தப்பிவிட்டன.

தோமஸ் இன்னும் ஆஸ்பத்திரியில். விடியற்காலையில் கட்டுத் துணியைப் பிரித்தால், ரப்பர் மரத்தில் அன்றாடம் சீவுகிற மாதிரியே, பழைய வெட்டுக்கு ஒரு நூல் கீழே புதிதாய்ச் சீவியிருக்கிறது. மழையில் ரப்பர் வெட்ட மாட்டார்களே... மழை நாளில் மட்டும் காயம் அப்படியே இருக்கிறது.

இந்த மாதம் முழுக்க வெயில்.