மூடும் விதிக்கு அடுத்த பக்கம்

எனக்கு விடைகொடுக்க மனமுவந்து, மகிழ்ந்து, சற்றே அவசரப்பட்டும் வந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! படித்துயர்ந்த பெரியோர்களே, படிக்க வந்து உறங்கிப்போன பெரியோர்களே! பிள்ளைகளைத் தேடி வந்து தாங்களே வாசகிகளாகிவிட்ட தாய்மார்களே! முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் கணவரே! அனைவருக்கும் வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த வாசிப்புக் கூடத்தில், "சத்தம் போடாதீங்க" என்று உங்களை அதட்டியவள் நான். இன்று என் கையிலேயே ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறார்கள். விடுவேனா?

நூலகம் என்பது நூல்களை அடுக்கிவைக்கும் கிடங்கா? உங்கள் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பியது எங்கே? இந்த மேசையில்! சாக்கடை உடைந்தபோது, சண்டையிட்ட இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து மனு எழுதியது எங்கே? இந்த மேசையில்! இந்த நூலகத்தையே இழுத்து மூட வழி தேடியது எங்கே? அதுவும் இதே மேசையில்தான்.

சிரிக்காதீர்கள், உண்மை. போன மாதம் நகரமன்ற எழுத்தர் வந்தார்.

"அக்கா, விதிப் புத்தகம் இருக்கா? ஆபீஸ்ல இருந்ததைக் காணோம்."

"எந்த விதி வேணும் தம்பி?"

தலையைச் சொறிந்தார். "லைப்ரரிய மூடுறதுக்கு..."

மூட நினைப்பது நான் உட்கார்ந்திருக்கும் நூலகத்தையே. ஆனாலும், கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பதுதானே என் வேலை? கொடுத்தேன். "அடுத்த பக்கத்தையும் படிச்சிடுங்க தம்பி" என்றேன். "நேரமில்லக்கா" என்று ஓடிவிட்டார். நேற்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். என் பணியும் இன்றோடு முடிகிறதாம், நூலகமும் இன்றோடு முடிகிறதாம். தலைவர் சாவி வாங்கத்தான் வந்திருக்கிறார்.

நான் போவதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கதவு சாத்தப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே எழுத்தர் படிக்காத பக்கத்தை நானே படிக்கிறேன்: "மூடுமுன் வாசகர்களை நூலகத்தில் கூட்டி, தலைவர் முன்னிலையில் கருத்துக் கேட்க வேண்டும். பெரும்பான்மையோர் மறுத்தால் மூடலாகாது."

நூலகம் இதுதானே? தலைவர் இவர்தானே? வாசகர்கள் நீங்கள்தானே? ஐயா, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? விடைபெற வேண்டியவள் நானல்லவா! உட்காருங்கள்.

அன்பர்களே, மூடலாமா?

என்ன, முணுமுணுக்கிறீர்கள்? பழக்கதோஷம்! முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்கிறேன், சத்தம் போடுங்கள்!

நன்றி. எழுத்தர் தம்பி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாவி மேசைமேல் இருக்கிறது, எனக்கு அடுத்து வரப்போகிறவருக்காக. எல்லோருக்கும் என் வணக்கம்.