பதினொரு படிகள்

ஒன்றோடொன்று செருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பவர்களை நான் குறை சொல்வதில்லை, கான்ஸ்டபிள். தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிவப்பெல்லாம் ஒரு டப்பா, சாம்பலெல்லாம் ஒரு டப்பா. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அந்தச் சாம்பல் குவியலில் மூன்று குமிழ் வைத்த கட்டை ஒன்றைத் தேடிப் பாருங்கள், கண் பூத்துவிடும். ஒரே நிறத்துக்குள் கிடக்கும்போது மூன்று குமிழும் நான்கு குமிழும் ஒன்றுபோலத்தான் தெரியும். வடிவம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் செய்ததெல்லாம் இதற்குள் அடக்கம்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். ரெக்கார்டர் ஓடுகிறதல்லவா. சரி.

என் பெயர் கீத் ஹாடோ. வயது அறுபத்தெட்டு. பர்னி ஊர்க் காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் உதிரிபாகக் கிடங்கில் வேலை. மெர்வ் டன்பிரிட்ஜ் அதே ஆலையில் ஃபிட்டர். மெஷின் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்து என்னிடம் ஒரு போல்ட் கேட்பான், நான் எடுத்துக் கொடுப்பேன், அவன் மெஷினை ஓடவைப்பான், எல்லோரும் அவன் முதுகில் தட்டுவார்கள். அந்த போல்ட் எந்த அலமாரியில் எந்த அறையில் இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வருத்தமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆலையை மூடி, இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு நாங்கள் இருவரும் கட்டைக் கழகத்தில் சேர்ந்தோம். மாதாமாதம் முதல் சனிக்கிழமை சாரணர் கூடத்தில் கூடுவோம். இருபத்தைந்து பேர் இருப்போம், பாதிப் பேருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கும். பெண்டாட்டிமார் லாமிங்டன் கேக் செய்து கொடுத்தனுப்புவார்கள். விளையாட்டுச் சாமான்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கண்காட்சி நாளில் வந்து பாருங்கள், நாலாயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சியன்று கதவு திறப்பதற்கு முன்னால், ஒருவன் மேஜையில் இன்னொருவன் யாருக்கும் தெரியாமல் ஒரு தப்பான கட்டையைச் செருகிவிடுவான். கள்ளக் கட்டை என்போம். கட்டியவன் அதைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். முடியாவிட்டால் அன்று எல்லோருக்கும் பீர் அவன் செலவு. ஒன்பது வருடத்தில் மெர்வ் ஒரு பீர்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. மேஜையை ஒருமுறை சுற்றி வருவான், விசில் அடித்தபடியே கையை நீட்டிக் கள்ளனை எடுத்து என் சட்டைப்பையில் போடுவான். "போடா கீத், இன்னும் ட்ரெயினிங் பத்தல உனக்கு" என்பான். அவன் கட்டியது ஒவ்வொன்றும் அவன் மண்டைக்குள் அப்படியே இருந்தது. நான் பெட்டியோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கட்டுவேன். ஒரு பிழைகூட வராது. அதுவும் ஒரு திறமைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மெர்வ் அந்தக் காகித ஆலையையே கட்டத் தொடங்கினான். வரைபடம் கிடையாது, இடித்தவர்கள் அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். முழுக்க நினைவிலிருந்து கட்டினான். அவன் வீட்டுப் பின்னாலிருந்த ஷெட்டை ஆலை நிறைத்துக்கொண்டது. அறுபதாயிரம் கட்டைகள், கான்ஸ்டபிள். அவ்வளவையும் வடிவம் பார்த்துப் பிரித்து, இழுப்பறைகளில் அடுக்கி, சீட்டு ஒட்டியவன் நான். வாரம் மூன்று நாள் போவேன். ஷெட் சாவி ஒன்றை மெர்வே என்னிடம் கொடுத்து வைத்திருந்தான்.

ஊர் மியூசியம் அதை நிரந்தரமாக வைக்கிறோம் என்றது. கழகத்து வருட விருந்தில் அந்தச் செய்தியைச் சொன்னார்கள், பெரிய கைதட்டல். அப்போது நான் மெர்விடம், பெயர்ப் பலகையில் என் பெயரையும் போடலாமே என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். அவன்தான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"உன் பேரா? கிடங்குக்காரன் பேரை எந்த ஊர்லடா மெஷின் மேல எழுதுறாங்க? நம்ம கீத் இருக்கானே, புஸ்தகம் குடுத்தா எதை வேணாலும் கட்டிடுவான். ஒரு பக்கம் கிழிஞ்சுபோச்சுன்னா அன்னைக்கு லீவு."

மேஜையே சிரித்தது. க்ளெனிஸ், அவன் மனைவி, வாயில் நாப்கினை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. தன்னைப் பற்றி இவ்வளவு நிச்சயமாக ஒரு மனிதன் இருப்பது நல்லதல்ல என்று மட்டும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலைகளில் க்ளெனிஸ் அவனை முட்டிப் பயிற்சிக்கு நீச்சல்குளம் கூட்டிப்போவாள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஷெட்டில் நான் மட்டும். முதல் செவ்வாய் ஒரே ஒரு கட்டையை மாற்றினேன். கொதிகலன் அறைச் சுவரில் நான்கு குமிழுக்குப் பதில் மூன்றும் ஒன்றும். அதே சாம்பல் நிறம். மதியமே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னடா, கண்காட்சிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, இப்பவே கள்ளனை அனுப்பிட்டியா?"

"நான் வைக்கலையே" என்றேன்.

"டேய், நடிக்காத."

"சத்தியமா இல்ல மெர்வ். நீயே வெச்சிருப்ப."

அவன் கட்டையை விரலில் உருட்டிப் பார்த்தான். பிறகு அதை என் சட்டைப்பையில் போடவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டான். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. எனக்கு அன்று நன்றாகப் பசித்தது, நிறைய சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத வாரங்களில்தான் அவன் அதிகம் தேடினான். பிறகு கொஞ்சம் பெரிதாக. ஆலைக்குள் போகிற இரும்புப் படிக்கட்டில் அவன் பதினொரு படி வைத்திருந்தான். நான் இரண்டைக் கழற்றி ஒன்பதாக்கினேன். பதினொன்று வைத்ததாக ஞாபகம் என்றான் மெர்வ். அங்கே எப்போதுமே ஒன்பதுதானே, முப்பது வருஷம் ஏறி இறங்கியிருக்கோமே என்றேன் நான். ஆலை இல்லை, வரைபடம் இல்லை, போய் எண்ணிப் பார்க்க முடியாது. அவனுக்கு என் சொல்தான் இருந்தது. சில தடவை அந்த இரண்டையும் திரும்ப வைத்தான், நான் திரும்பக் கழற்றினேன்.

அவன் ஒரு நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதிவைக்க ஆரம்பித்தான். எத்தனை ஜன்னல், எத்தனை குழாய், எத்தனை படி. படி பதினொன்று என்று எழுதியிருந்த பக்கத்தை நான் கிழித்து எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம்தான். அவன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், எழுதினேனா என்று க்ளெனிஸிடம் கேட்டான், எழுதவில்லையா என்று என்னிடம் கேட்டான். அன்று சாயங்காலம் கட்டாமலே உட்கார்ந்திருந்தான். பக்கம் கிழிந்தால் லீவு என்று சொன்னது யாரென்று அவனுக்கு நினைவிருக்குமா என்று யோசித்தேன்.

கட்டையோடு நின்றிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். கார் சாவியை இரண்டுக்கு நான்கு குமிழ்க் கட்டைகள் இருந்த இழுப்பறையில் போட்டது நான்தான். மூக்குக் கண்ணாடியைக் குளிர்பெட்டியில் வைத்ததும் நான். அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பற்றவைத்தது ஒரே ஒருமுறை. ஆபத்து எதுவும் இல்லை, க்ளெனிஸ் ஓடிவரும்வரை நான் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். க்ளெனிஸ்தான் வரச்சொன்னாள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். மெர்வ் சரியாக வரைந்தான். பிறகு அதைப் பார்த்து, "இது சரிதானா?" என்று கேட்டு அழித்தான். ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்தையும் சொன்னான், என் பக்கம் திரும்பிப் பார்த்தான், இரண்டை வாபஸ் வாங்கிக்கொண்டான். நிமிஷத்தில் எந்திரத்தைப் பிரித்து மாட்டிய மனிதன். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். க்ளெனிஸ் என் பக்கம் திரும்பினாள், சாவி, கண்ணாடி, அடுப்பு எல்லாவற்றையும் நான் சொன்னேன்.

மறதி வியாதி என்றார்கள். கார் லைசென்ஸ் போயிற்று. முட்டிப் பயிற்சிக்குப் போக மறுத்தான், பிறகு சம்மதித்தான். ஒருநாள் க்ளெனிஸ் எனக்கு போன் செய்து அழுதாள்.

"யாரோ ஷெட்டுக்குள்ள வர்றாங்கன்னு சொல்றார் கீத். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கிற கேமரா ஒண்ணு அலமாரியில வெச்சிருந்தாராம், எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கிறார். 'நீ பாரு, எனக்குப் பாக்க பயமா இருக்கு, அதுல நானே இருந்தா என்ன பண்றது'ங்கிறார். நான் என்ன பண்ண?"

"பாக்காதீங்க க்ளெனிஸ்" என்றேன். "இந்த வியாதியில இது சகஜம். கூடவே இருக்கிறவங்களைத்தான் சந்தேகப்படுவாங்க. நீங்க பாத்தா, அவர் சொல்றதை நம்புற மாதிரி ஆயிடும். உள்ள வெச்சுடுங்க."

அவள் அதை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். எந்த டின் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று நீங்கள் என் டீயைக் குடித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

போன ஏப்ரலில் அவனை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஆலை அரைகுறையாக நின்றது. நான் முடித்துக் கொடுக்கிறேன் என்றேன், மியூசியத்துக்குப் பெரிய நிம்மதி. பெயர்ப் பலகையும் நான்தான் எழுதினேன். "கட்டியவர்: கீத் ஹாடோ. மெர்வ் டன்பிரிட்ஜ் நினைவாக." அதைப் படித்துவிட்டு க்ளெனிஸ், "அவர் உயிரோடதானே கீத் இருக்கார்" என்றாள். அவன் பெயரையும் அதே அளவு எழுத்தில்தான் போட்டிருக்கிறேன் என்றேன்.

போன சனிக்கிழமை திறப்பு விழா. ஆலையில் வேலைபார்த்த கிழவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு காகிதம் சுற்றும் பிரிவில் இருந்த ஒருவன் படிக்கட்டுக்கு முன்னால் குனிந்தான்.

"ஒம்போதுதான் இருக்கு. இன்னும் ரெண்டு படி எங்கடா? பதினொண்ணு. சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டு தினம் எண்ணிக்கிட்டே ஏறுவேன்."

"பதினொண்ணுதான்" என்றான் இன்னொருவன். மூன்றாமவனும் அதையே சொன்னான். கூட்டம் முழுக்கச் சிரித்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணியது.

அங்கேதான் நான் தவறினேன், மறைக்க விரும்பவில்லை. மெர்விடம் ஒன்பது, ஒன்பது என்று அத்தனை தடவை சொன்னேன், கடைசியில் எனக்கே ஒன்பதுதான் நினைவில் நின்றது. பார்த்துக் கட்ட அந்த ஒரு பக்கம் இருந்தது. அதைக் கிழித்த அன்றே எரித்தும்விட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது க்ளெனிஸ் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் மெர்வ் அவளிடம் தினமும் பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். கையிலிருந்த லாமிங்டனைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். நேராக வீட்டுக்குப் போய் டின்னைத் திறந்திருக்கிறாள். நீங்கள் காட்டிய படங்களில் இருப்பது என் கைதான். அந்த நீலச் சட்டையும் என்னுடையதுதான். எல்லாம் நான் செய்தது.

அவனுக்கு வியாதியே கிடையாது என்று இப்போது வேறொரு டாக்டர் சொல்வதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். டாக்டர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நான் வாராவாரம் பார்க்கிறவன். வியாழன் தவறாமல் இல்லத்துக்குப் போகிறேன். சின்னக் கட்டையை விழுங்கிவிடுவார்கள் என்று அங்கே குழந்தைகளுக்கான பெரிய கட்டைதான் கொடுப்பார்கள். மெர்வ் அதை வைத்து ஏதாவது கட்டுவான். ஒவ்வொரு கட்டைக்கும் என் முகத்தைப் பார்ப்பான். "இங்க வெக்கலாமா கீத்?" என்பான். கொஞ்சம் தள்ளி வை என்பேன், தள்ளி வைப்பான். முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நேற்றும் போனேன். க்ளெனிஸ் அதற்கு முன்பே அவனிடம் படங்களைக் காட்டியிருக்கிறாள். அவன் கட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"க்ளெனிஸ் படம் காட்டினா. நம்ம ஷெட்டு. ஒரு ஆளு என் படிக்கட்டைக் கழட்டுறான். உன்னை மாதிரியே இருந்தான். நீதானா கீத்?"

"இல்லடா" என்றேன். "அது நான் இல்ல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அப்படியா" என்றான். "சரி. எனக்குத்தான் சரியாத் தெரியல போல."

பிறகு ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து, எங்கே வைக்கட்டும் என்று கேட்டான். வரும் வியாழன் என்னை அங்கே விடமாட்டீர்கள் என்று தெரியும். அப்புறம் அவன் யாரிடம் கேட்பான் என்று க்ளெனிஸ் யோசித்துப் பார்த்தாளா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கான்ஸ்டபிள். அவன்மேல் எனக்கு இருக்கிற அக்கறை உங்களில் ஒருவருக்கும் இல்லை.