நீங்க உக்காருங்க சம்பந்தி

உங்கள் அம்மா கடைசியாகக் கேட்டது என் தலையணையை, மாப்பிள்ளை.

துறைமுகத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசியா என்ன அத்தை சொன்னாங்க?" என்று கேட்டபோது, "உங்களைத்தான் விசாரிச்சாங்க" என்றேன். அழுகிற பிள்ளையிடம் தலையணையைப் பற்றி எப்படிச் சொல்வது? ஆனால் நடந்தது அதுதான். மத்தியானம் சாப்பிட்டு வந்து பால்கனியில் படுத்தபடியே, "எனக்கு ஒண்ணும் வேணாம் சம்பந்தி. இடுப்புக்குக் கீழ மட்டும் கொஞ்சம் குழியா இருக்கு. உங்க தலகாணி சும்மாதானே கெடக்கு?" என்றார். கொடுத்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். துணை இழந்த அம்மாக்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்று நீங்களும் என் மகளும் சேர்ந்து எங்களைக் கப்பலில் அனுப்பினீர்கள். பால்கனி வைத்த அறை. நல்ல மனசு. அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால்கனியில் மட்டும் இரண்டு நாற்காலிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று, சாய்ந்து காலை நீட்டிப் படுக்கிற ரகம். பிளாஸ்டிக் பின்னல், மேலே மெல்லிய மெத்தை, உயரமான முதுகு. மற்றது, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே போட்டிருப்பார்களே, அந்த ரகம். உட்கார்ந்தால் செய்யாத தப்பெல்லாம் ஞாபகம் வரும்.

முதல் நாள் உங்கள் அம்மா சாய்கிற நாற்காலியைக் காட்டி, "நீங்க உக்காருங்க சம்பந்தி" என்றார். "ஐயோ, நீங்க உக்காருங்க" என்றேன். பெண்ணைக் கொடுத்தவள் வேறென்ன சொல்வாள்? அவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், நான் மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை நான் உட்கார வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். உங்கள் அம்மா முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு எதுல உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் காலையும் நீட்டிக்கொண்டார்.

அறையைச் சுத்தம் செய்கிற பெண்ணிடம் இன்னொன்று கேட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தொந்தரவு? நாம மாத்தி மாத்தி உக்காந்துக்கலாமே" என்றார். அதன் பிறகு அவர்தான் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் என் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். "இதுல படுத்தா உங்களுக்கு முதுகு புடிச்சுக்கும் சம்பந்தி" என்றார்.

"எனக்கு ஏற்கெனவே புடிச்சிருக்குங்க."

"பாத்தீங்களா? அதுக்குத்தான் சொல்றேன்."

கப்பலை விட்டு இறங்குவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் காலை நீட்டிவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், மாப்பிள்ளை.

தலையணையை வாங்கிக்கொண்டு உங்கள் அம்மா நன்றாகத் தூங்கிப்போனார். நான் என் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: காற்று பலமாகிறது, பால்கனியில் இருப்பவர்கள் உள்ளே வரவும், நாற்காலிகளைப் படுக்க வைக்கவும், கதவைத் தாழிடவும். நான் உள்ளேதான் இருந்தேன். நாற்காலி ஏற்கெனவே படுத்துத்தான் இருந்தது, உங்கள் அம்மாவோடு. கதவு ஒன்றுதான் பாக்கி. தாழிட்டேன். சம்பந்தியைத் தூக்கத்தில் எழுப்புவது அழகா, சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். புடவைத் தலைப்பு தலைக்கு மேல் பறந்தது. நாற்காலியைக் காட்டினார், என்னைக் காட்டினார், கதவைக் காட்டினார். காற்றில் குரல் கேட்கவில்லை. 'நீங்க வந்து உக்காருங்க சம்பந்தி' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அத்தனை நாளில் அவர் எனக்காக எழுந்து நின்றது அப்போதுதான். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. 'பரவாயில்லை, நீங்களே உக்காருங்க' என்று கையைக் காட்டினேன். மறுபடியும் தட்டினார். மறுபடியும் மறுத்தேன். மூன்றாவது தடவை தட்டினால் திறந்துவிடுவது என்றுதான் இருந்தேன்.

அதற்குள் நாற்காலி எழுந்துவிட்டது. அவர் பின்மண்டையில் மோதி, அவரைச் சுழற்றிக் கம்பி மேல் தள்ளியது. நான் உடனே கதவைத் திறந்து ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தேன். இல்லாவிட்டால் கடலோடு போயிருக்கும்.

கப்பல் டாக்டர் தங்கமான மனிதர். உங்கள் அம்மாவின் நாடியைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு, என் தோளைத் தட்டி, "ஆள் எந்திரிச்சா இந்த நாற்காலி பறக்கும்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. அன்று காலையில் உங்கள் அம்மா குளிக்கப் போனபோது, விட்டால் கிடைக்காது என்று பால்கனிக்குப் போனேன். நான் தொடுவதற்குள் காற்று அந்த நாற்காலியைத் தூக்கிக் கம்பியில் அறைந்தது. நான் விலகிக்கொண்டேன். குளித்துவிட்டு வந்த உங்கள் அம்மா அதை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கனத்துக்கு அசையாமல் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கரை சேர இன்னும் ஒரு பகல் மிச்சம் இருந்தது. காற்றும் அடங்கிவிட்டது. அந்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். உங்களிடம் மறைப்பானேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சாய்ந்தால் கடல் தெரியாது. மேல் அறைப் பால்கனியின் அடிப்பக்கம்தான் தெரியும். வெள்ளைப் பெயின்ட், உரிந்த ஓரம். 'கடல் என்னமா இருக்கு பாருங்க சம்பந்தி' என்று தினமும் சொன்னாரே, பாவம், உங்கள் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு சொன்னாரோ.

'ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மா எந்திரிச்சு குடுத்திருப்பாங்களே அத்தை' என்று நீங்கள் சொல்வீர்கள். கொடுத்திருப்பார். அவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது மரியாதையா? அந்தப் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.