உடும்பும் இருமல் மருந்து பாட்டிலும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மேடம், அது பொம்ம கார் இல்ல. உங்க ஸ்டேஷன் ரைட்டர் அப்டித்தான் எழுதிக்கினு கீறாரு, நானும் பாத்துக்கினே கீறேன். பொம்ம காருன்னா வேகமா ஓடும், செவுத்துல முட்டும், கொழந்த அழுவும். இது பாறை ஏறற வண்டி. கிராலர்னு சொல்வாங்க. மெதுவாத்தான் போவும், ஆனா நாலு சக்கரமும் கல்ல புடிச்சிக்கினு, ஆடு ஏறற எடத்துல எல்லாம் ஏறும். மொத்தமே ஒரு சாண் நீளம், கையில ஒரு ரிமோட்டு, அவ்ளோதான். பேரு உடும்பு. நான் வெச்ச பேரு.

டீ நல்லா கீது மேடம். இஞ்சி தட்டிப் போட்டுகீறாங்க.

என் பேரு செந்தமிழன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மோட்டார் காயில் கட்ற கட வெச்சிகீறேன். சுத்துப்பட்டுல எந்தக் கெணத்து மோட்டாரு எரிஞ்சி போனாலும் என்கிட்டதான் வரும். நாள் முழுக்க செம்புக் கம்பி சுத்தறவன் நான். அதனால இந்த வண்டிய வாங்கிப் பிரிச்சிப் பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. உள்ள கீற மோட்டாரு கட்ட வெரல் அளவு. அத்த அவுத்து, சன்னக் கம்பியா போட்டு சுத்த அதிகமாக்கினேன். வேகம் கொறஞ்சிது, இழுவ ஏறிச்சி. ஏத்தத்துல மூக்கத் தூக்கிக்கினு மல்லாந்துச்சி, முன்பக்கம் வெயிட் பத்தல. பழைய போர் மோட்டாரோட பித்தள புஷ்ஷ லேத்துல கடஞ்சி முன் சக்கரத்துக்குள்ள மாட்டினேன். டயருக்குள்ள கீற பஞ்ச வெட்டி எளக்கினேன், அப்பதான் டயரு கல்லு மேல நல்லா அப்பிக்கும். மூக்குல குட்டியா ஒரு கேமரா, அது பாக்கறத நான் போன்ல பாத்துக்கலாம். ஒரு வருஷ வேல மேடம். ரொம்ப சந்தோஷமான வேல.

ஆல்வினும் நானும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஜோடி. டிப்பர் ஓட்றான். ஓட்டினான். ஆளு ஒல்லி, வாயி பெருசு. அவன் இருக்கற எடத்துல ஒரே சிரிப்பா இருக்கும், எப்பவும் யாரனா ஒருத்தன வெச்சி ஓட்டிக்கினே இருப்பான். இந்த ஒரு வருஷமா நான்தான் மாட்டினேன். "எங்க மச்சானுக்கு முப்பத்தெட்டு வயசாவுது, இன்னும் பொம்ம காரு ஓட்றான்டா. அடுத்த மாசம் பால் பாட்டில் வாங்கித் தரணும்"னு டீக்கடையில அத்தன பேரு முன்னால சொல்வான். கடையே சிரிக்கும். எனக்குக் கோவம் வராது மேடம். யார வோணா கேட்டுப் பாருங்க. நான் பாட்டுக்கு டீய குடிச்சிட்டு வந்துடுவேன். அவன் சம்சாரம் ஷீபாவும் ஒரு தடவ சிரிச்சிடுச்சி. அப்பால "சாரிண்ணா"ன்னுச்சி. தங்கமான பொண்ணு.

அந்த ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சிட்டு ஆல்வின் நேரா கடைக்கு வந்தான். "அப்டி இன்னாதான் பண்ணுது உன் பொம்ம, காட்டு வா"ன்னான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. என் பைக்லயே ரெண்டு பேரும் சாலவாக்கம் தாண்டி, வேல நிறுத்திட்டுப் போன அந்த பழைய குவாரிக்குப் போனோம். வெடி வெச்ச கல்லுங்க ஒண்ணொண்ணும் ஒரு ரூம் அளவுக்கு ஒண்ணு மேல ஒண்ணு கொட்டிக் கெடக்கும். சுத்தி முள்ளு. ஆடு மேய்க்கறவங்க கூட அந்தப் பக்கம் வர மாட்டாங்க. உடும்புக்கு அதவிட நல்ல எடம் கெடைக்காது.

நல்லாதான் ஏறிச்சி. மேல ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு வெடிப்பு கீது, அதுல சறுக்கி உள்ள வுழுந்துடுச்சி. என் தொப்பைக்கு அந்த வெடிப்புல எறங்க முடியாது. ஆல்வின் அவன் போன எடுத்து என் பையில வெச்சான், "பிரியாணி வாங்கித் தரணும் மச்சான்"னு சிரிச்சிக்கினே எறங்கிட்டான். ரெண்டாள் ஆழம் இருக்கும். அங்க இருந்து கீழ வெளிப்பக்கம் வரைக்கும் பூன நொழையற மாதிரி ஒரு பொந்து சரிவா போவுது. வண்டிய அந்தப் பொந்துல வெச்சி, "ஓட்டிக்கினு போ"ன்னான். நானும் சுத்திக்கினு போயி கீழ நின்னு வெளிய ஓட்டிக்கினு வந்துட்டேன். கீறல் கூட இல்ல. அவன் திரும்பி ஏறக் கால வெச்சான் பாருங்க, மிதிச்ச கல்லு பொரண்டுடுச்சி. தொட வரைக்கும் கால் மாட்டிக்கிச்சி. கத்தினான். ரொம்பக் கத்தினான்.

சத்தியமா சொல்றேன் மேடம், ஆளுங்கள கூட்டியாரத்தான் கெளம்பினேன். பைக் சாவி கையில கீது. அப்ப அவன் உள்ள இருந்து, "மச்சான், தண்ணி இருந்தா குட்றா"ன்னான். என் பையில இருமல் மருந்து பாட்டில் ஒண்ணு காலியா கெடந்துச்சி. கழுவி குவாரிக் குட்டையில தண்ணி புடிச்சேன், உடும்பு முதுகுல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன், கீழ்ப் பொந்து வழியா அனுப்பினேன். பாதி சரிவுல மல்லாந்து உருண்டு என் கால்கிட்டயே வந்துடுச்சி. வெயிட்டு முதுகு மேல ஏறிப் போச்சி இல்ல, அதான். திருப்பி அனுப்பினேன். திருப்பி உருண்டுச்சி. அடுத்த தடவ கடைசிப் படி வரைக்கும் போயி நின்னுச்சி. அந்தப் படி ஒரு நாலு வெரல் ஒசரம், நெட்டுக்குத்தா, வழவழன்னு கீது. ஆல்வின் கைய நீட்டி வண்டிய புடிச்சி இழுத்துக்கினான்.

குடிச்சிட்டு அவன் சொன்னது இன்னும் காதுலயே கீது. "மச்சான், உன் வண்டி தெய்வம்டா"ன்னான். அழுதுக்கினே சொன்னான். கவனிச்சீங்களா மேடம், பொம்மன்னு சொல்லல. வண்டின்னான். எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஜிவ்வுனு ஆயிடுச்சி. சந்தோஷந்தான், அதுக்கு வேற பேரு இன்னா வெக்கறது.

அப்பால பைக்ல வரும்போது மண்டையில ஒண்ணுதான் ஓடிச்சி. பாட்டில முதுகுல படுக்க வெக்காம, அடியில தொங்கற மாதிரி ஒரு தொட்டில் பண்ணிட்டா மல்லாராது. அத்த மட்டும் பண்ணிட்டு, காலையில ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டு, அப்பால ஆளுங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். அவன்கிட்ட "ஆளுங்க வந்துக்கினே கீறாங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். கஷ்டத்துல கீறவனுக்குத் தைரியம் சொல்லணும் இல்ல. அவன் போன் என் பையில அடிச்சிக்கினே இருந்துச்சி. சார்ஜ் வீணாப் போவுதேன்னு ஆஃப் பண்ணி வெச்சேன்.

மறுநாள் கட தொறக்கறதுக்குள்ள ஷீபா வந்து நிக்குது. மூஞ்சியெல்லாம் வீங்கி கீது. "அண்ணா, அவுரு உங்கள பாக்க வந்தாரா"ன்னுச்சி. வந்தாம்மா, அவசரமா லோடு ஒண்ணு கீதுன்னு போனான், வந்துடுவான்னேன். நாஷ்டா சாப்ட்டியான்னு கேட்டேன். இல்லன்னுச்சி. இட்லி வாங்கிக் குடுத்தேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல மேடம். இட்லிய பிச்சிக்கினே சொல்லிச்சி, "போத்திக்காம அவுருக்குத் தூக்கமே வராதுண்ணா"ன்னு. சொல்லிட்டு அழுதுச்சி.

அது நல்ல ரோசனையா பட்டுச்சி. மெல்லிசா ஒரு துண்ட சுருட்டி, டப்பா மூடி ஒண்ணு மேல வெச்சி, உடும்பு பின்னால கட்டி இழுக்க வுட்டேன். மோட்டாரு சூடாயி நாத்தம் வந்துடுச்சி. சாயங்காலம் உள்ள கீற பல் சக்கரத்த சின்னதா மாத்தினேன், அடுத்த நாள் சும்மா அனாயாசமா இழுத்துச்சி. ஆல்வின் துண்ட கட்டிப் புடிச்சிக்கினு, "ஷீபாகிட்ட சொன்னியாடா"ன்னான். சொல்லிட்டேன்னேன். "அப்ப ஏன்டா இன்னும் யாரும் வரல"ன்னான். கிரேன் வழியில கீது, ரோடு பேஜாரா கீது இல்ல, நாளைக்கு வந்துடும்னேன். அவன் கேமராவையே பாத்துக்கினு இருந்தான். கேமரா வெளிச்சத்துல அவன் கண்ணு ரொம்பப் பெருசா தெரிஞ்சிது.

மேல வெடிப்பு வழியா கயித்துல எறக்கியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எறக்கியிருக்கலாம். ஒரு பெரிய பாட்டிலே எறக்கியிருக்கலாம். போர் மோட்டார் தூக்கற கயிறு பைக் பொட்டியிலதான் கீது, எப்பவுமே கீது. ஆனா கயித்துல எறக்கினா வண்டி எதுக்கு மேடம்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை ஓட்டுவேன். தண்ணி, வாயப்பயம், கொஞ்சம் மிக்சர். ஒவ்வொரு நடைக்கும் ஒரு குத்தம் தெரியும், சாயங்காலம் கடையில ஒக்காந்து சரி பண்ணுவேன். பேட்டரிய முன்னால தள்ளினேன். ஸ்பிரிங்க எளசா மாத்தினேன். என் வாழ்க்கையில அப்டி ஒரு வாரம் வந்ததே இல்ல. விடிஞ்சா எழுந்து ஓடணும்னு இருக்கும். ஆல்வின் கூட அந்த வாரம் என்ன ஒரு தடவ கூட ஓட்டல. வண்டி சத்தம் கேட்டாலே, "வந்துட்டியா ராசா"ன்னுவான். என்ன இல்ல, வண்டிய. பொறந்ததுல இருந்து அவன் யாருகிட்டயும் அவ்ளோ மரியாதயா பேசி நான் பாத்ததில்ல.

நடுவுல ஷீபாவ என் பைக்ல ஒக்கார வெச்சி, இதே ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டியாந்தேன். புகார எழுதிக் குடுத்ததும் நான்தான். நீங்க கூட, இந்தக் காலத்துல இப்டி ஒரு சிநேகிதன் கெடைக்கறது கஷ்டம்னு சொன்னீங்க. ஞாபகம் கீதா. எனக்கு அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சி.

எனக்கு ஒரே ஒரு கொறதான். அந்தக் கடைசிப் படி. இன்னா மாத்தினாலும் உடும்பு அதுல மட்டும் மொரண்டு புடிக்கும். முன் சக்கரம் ஏறும், பின் சக்கரம் சுத்தும், நிக்கும். ஒடனே ஆல்வின் கைய நீட்டி இழுத்துக்குவான். அது கள்ளாட்டந்தான. "கை வெக்காத மச்சான், அதுவா ஏறட்டும்"னேன். "தண்ணி வோணும்டா"ன்னு கெஞ்சினான். இன்னும் கொஞ்சம் பொறுன்னேன். பொறுக்கல, புடிச்சி இழுத்துட்டான். எனக்குக் கோவம் வராதுன்னு சொன்னேன் இல்ல, அன்னிக்கு மட்டும் லேசா வந்துச்சி. மறுநாள் ஒரே ஒரு நடையோட நிறுத்திக்கினேன்.

அதுக்கடுத்த நாள் போனேன். வண்டி சத்தம் கேட்டும் "ராசா"ன்னு கூப்புடல. போன்ல பாக்கறேன், துண்ட போத்திக்கினு சாஞ்சி கெடக்கறான், கண்ணு தொறந்து கீது, ஒதடு அசையுது. உடும்பு பாட்டிலோட படிகிட்ட போயி நின்னுச்சி. ஆல்வின் கை அசஞ்சிது, தூக்கினான், முடியல. படி ஓரம் வரைக்கும் வந்து வெரலு அப்டியே நின்னுடுச்சி. அந்த வெரலுக்கும் பாட்டிலுக்கும் ஒரு சாண் கூட இல்ல.

அப்பதான் எனக்குப் பளிச்சுனு ஒண்ணு தோணிச்சி. இத்தன நாளா வண்டியவே நோண்டிக்கினு கீறனே, குத்தம் வண்டிமேலதானான்னு எப்பனா பாத்தனா. வண்டிய பின்னால எடுத்தேன். அவன் "டேய்"னான், ரொம்ப மெதுவா. வெளிய கொண்டாந்தேன், தொட்டிலோட பாட்டில அவுத்து கல்லு மேல வெச்சேன், வெறும் வண்டிய உள்ள அனுப்பினேன். ரெக்கார்டிங்கும் போட்டேன்.

ஏறிடுச்சி மேடம். முன் சக்கரம் புடிச்சிது, பின் சக்கரம் ஒரு தடவ கூட வழுக்கல, ஒரே ஏத்தம். அவன் மூஞ்சிக்கு நேரா போயி நின்னுச்சி. ஆல்வின் கைய நகத்தி நகத்தி வண்டிய தொட்டான். அடியில, பாட்டில் தொங்கற எடத்த தடவிப் பாத்தான். திருப்பித் திருப்பி அங்கயே தடவினான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி, சந்தோஷத்துல. நாளைக்குத் தண்ணி எட்த்தாரேன்டான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்.

பாறை வண்டி ஓட்றவங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் கீது. அந்த வீடியோவ அதுல போட்டேன். அதான் நான் பண்ண தப்பு. அவ்ளோ அழகான ஏத்தம், ஒருத்தன் கூட டயர் இன்னா டயர்னு கேக்கல. வேலூர்க்காரன் ஒருத்தன், "அண்ணே, கடைசியில ஒரு கை தெரியுதே"ன்னான். அவன்தான் உங்களுக்கு அனுப்பிகீறான். மறுநாள் நான் தண்ணியோட குவாரிக்குப் போவத்தான் கெளம்பினேன், அதுக்குள்ள உங்க ஜீப்பு கட வாசல்ல நிக்குது. நீங்க போயி பாக்கும்போது அவன் உசுரு இல்லன்னு சொல்றீங்க. பாட்டிலு அந்தக் கல்லு மேலயே தண்ணியோட முழுசா இருந்துச்சின்னும் சொல்றீங்க. இருக்கும். நான் அங்கதான் வெச்சேன்.

ஷீபா வெளிய பெஞ்சுல ஒக்காந்துகீது, ஜன்னல் வழியா தெரியுது. யாராவது அதுக்கு ஒரு டீ குடுங்க.

சரி, எழுதிக்குங்க மேடம். ஆல்வின் உள்ள மாட்டிக்கினு கீறான்னு எனக்குத் தெரியும், யாருகிட்டயும் சொல்லல, வோணும்னேதான் சொல்லல. சாவ வுட்டது நான்தான். எங்க வோணாலும் கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா அந்தப் பொம்ம காருன்றத மட்டும் அடிச்சிடுங்க. பாட்டில் இல்லாம அது ஒரே ஏத்துல ஏறிச்சி, வீடியோவுல நீங்களே பாத்தீங்க. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல.