அஞ்சு ஆறும் ஒரு வாய்க்காலும்

வளைகுடாவில் டியூட்டி முடிந்து அஜ்மான் பஸ்ஸில் திரும்பும்போது, என் முன் சீட்டில் இரண்டு தஞ்சாவூர்க்காரர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க ரூம்ல அஞ்சு ஆறு ஓடுதுடா,” என்றார் மூத்தவர்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“ரெண்டு பஞ்சாபிங்க இருக்கானுவ. ஒருத்தன் இந்தியா, ஒருத்தன் பாகிஸ்தான். அஞ்சு ஆத்துல எது யாருக்குன்னு தினமும் சண்டை. முடிஞ்சதும் ஒரே தட்டுல ரொட்டி.”

“நீங்க?”

“நம்ம காவிரியைப் பத்திச் சொன்னேன். அது வாய்க்கால்னு ரெண்டு பேரும் சேந்து சிரிச்சானுவ. மேல் கட்டில்ல ஒரு மாண்டியாக்காரன், கன்னடத்தான். காவிரித் தகராறுல எனக்கும் அவனுக்கும் ஒரு மாசமா பேச்சே இல்லாம இருந்துச்சு. சட்டுன்னு எழுந்து உக்காந்து, ‘அது ஹமாரா காவேரி, வாய மூடு’ன்னு அவனுவளப் பாத்து கத்தினான்.”

“ஹமாரான்னா நம்மளுதுதானே? யாரைச் சேத்துண்ணே சொன்னான்?”

“கேக்கலடா. கேட்டா மறுபடியும் பேச்சு நின்னுடும்.”